நாடாளுமன்றம் தேர்ந்தெடுத்த அதிபரை நாடாளுமன்றமே கட்டுப்படுத்த முடிகிறதா?

மல்லிகைப்பந்தல், சாட்ஸ்வர்த்:

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வர்த்தில் ஞாயிறுதோறும் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுத்து வருகிறேன். நம் பிள்ளைகளுக்குத் தேவாரமும் திருக்குறளும் தமிழில் வருகின்றன. நாட்டு நடப்பைப் பேசத் தொடங்கினால் உடனே ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறார்கள். அதை மாற்றும் எண்ணத்தோடு மாதம் ஒரு முறை பொதுச்செய்தி ஒன்றை எடுத்துக்கொண்டு தமிழிலேயே வாதிடச் செய்கிறேன்.

இம்மாதம் எடுத்துக்கொண்டது நம் அதிபருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையிலான உறவு. பதினாறு வயது மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: “அமெரிக்காவில் அதிபரைத் தனித் தேர்தலில் தேர்ந்தெடுக்கிறார்கள், காங்கிரசை வேறாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கே நாடாளுமன்றத்தின் கீழவையான தேசியப் பேரவைதான் அதிபரைத் தேர்ந்தெடுக்கிறது. வழக்கமாக மிகப் பெரிய கட்சியின் தலைவரே அதிபராகிறார். தங்கள் கட்சித் தலைவரை அந்த உறுப்பினர்கள் எப்படித் தட்டிக்கேட்பார்கள்?” பதவி நீக்கம் செய்யப் பேரவைக்கு அதிகாரம் உண்டு என்று சொன்னேன். “அப்படியானால் இதுவரை யாரை நீக்கியிருக்கிறார்கள்?” என்று அவள் திருப்பிக் கேட்டபோது என்னிடம் விடை இல்லை.

மசோதாவில் கையெழுத்திட மறுக்கும் உரிமை நம் அதிபருக்கு உண்டா, பேரவையை அவர் நினைத்தபோது கலைக்க முடியுமா என்பனவும் வகுப்பில் எழுந்தன. சட்டம் அறிந்தவர்கள் விளக்கினால் அடுத்த ஞாயிறு பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்ல உதவும்.

பழைய வழக்குரைஞர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

அம்மா, வணக்கம். உங்கள் மாணவியின் இரண்டாம் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். 1994 முதல் எந்த அதிபரும் பேரவையின் வாக்கெடுப்பால் பதவி இழந்ததில்லை. தாபோ உம்பெக்கி 2008 செப்டம்பரில் விலகியதும், ஜேக்கப் சூமா 2018 பிப்ரவரி 14 அன்று இரவு விலகியதும் அவர்களுடைய கட்சியான ஆப்பிரிக்க தேசியக் காங்கிரஸ் அவர்களைத் திரும்ப அழைத்ததால்தான். சூமா விலகாதிருந்தால் மறுநாள் பேரவையில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை ஆளுங்கட்சியே ஆதரித்திருக்கும் என்ற நிலை இருந்தது உண்மை; ஆனால் முடிவு எடுக்கப்பட்ட இடம் கட்சியின் செயற்குழு அறை, பேரவை மண்டபம் அன்று.

இதைக் கேட்டுவிட்டு, பேரவைக்கு அதிகாரமே இல்லை என்று பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது. 1996ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் நம் அதிபரை விசித்திரமான ஓர் இடத்தில் வைத்திருக்கிறது. 86ஆம் பிரிவின்படி பேரவை தன் உறுப்பினர்களுள் ஒருவரையே அதிபராகத் தேர்ந்தெடுக்க வேண்டும். 87ஆம் பிரிவின்படி தேர்ந்தெடுக்கப்பட்டவுடன் அவர் பேரவை உறுப்பினராக இருப்பது முடிந்துவிடுகிறது. ஆக அவர் பிரித்தானியப் பிரதமரைப்போல அவைக்குள் அமர்ந்து வாக்களிப்பவரும் அல்லர், அமெரிக்க அதிபரைப்போல மக்களிடமிருந்து நேரே ஆணை பெற்றவரும் அல்லர்.

கலைக்கும் அதிகாரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இதைப் பலரும் கவனிப்பதில்லை. எனக்கோ இதுவே இந்தச் சட்டத்தின் மிக அருமையான இடமாகத் தோன்றுகிறது. பல நாடுகளில் அரசின் தலைவர், ‘என்னோடு ஒத்துப்போகாவிட்டால் அவையைக் கலைத்துத் தேர்தலுக்குப் போவேன்’ என்று உறுப்பினர்களை அச்சுறுத்தலாம். நம் அதிபரால் அது இயலாது. 50ஆம் பிரிவின்படி, தேர்தல் முடிந்து மூன்று ஆண்டுகள் கழிந்த பிறகு, பேரவையே தன் உறுப்பினர்களின் பெரும்பான்மையால் தீர்மானம் நிறைவேற்றினால்தான் அவர் கலைக்க முடியும். அப்படி நிறைவேற்றினால் கலைத்தே ஆக வேண்டும். ஆனால் பேரவை அவரை எந்நேரமும் வீட்டுக்கு அனுப்பலாம்.

அதற்கு வழிகள் இரண்டு. 102ஆம் பிரிவின்படி நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்குக் காரணம் எதுவும் காட்ட வேண்டியதில்லை. 400 உறுப்பினர்களில் 201 பேர் ஆதரித்தால் அதிபரும் அமைச்சரவை முழுவதும் விலக வேண்டும். 89ஆம் பிரிவு வேறு வகையானது. அரசமைப்பையோ சட்டத்தையோ கடுமையாக மீறுதல், கடுமையான ஒழுங்கீனம், பணியைச் செய்ய இயலாமை ஆகிய காரணங்களுள் ஒன்று இருக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு வாக்கு, அதாவது 267 வாக்குகள் வேண்டும். முதல் இரண்டு காரணங்களால் நீக்கப்பட்டவர் ஓய்வூதியம் முதலிய பயன்களையும் இழப்பார், வேறு பொதுப் பதவியும் வகிக்க முடியாது. முன்னது அரசியல் முடிவு. பின்னது ஏறக்குறைய தீர்ப்பு.

மசோதாக்களைப் பொறுத்தவரை, கொள்கை பிடிக்கவில்லை என்பதற்காக அதிபர் கையெழுத்தை மறுக்க முடியாது. அரசமைப்புக்கு முரணாக இருக்குமோ என்ற ஐயம் எழுந்தால் மட்டும் 79ஆம் பிரிவின்படி பேரவைக்குத் திருப்பி அனுப்பலாம். பேரவை மறுபடி ஆராய்ந்த பின்னும் ஐயம் தீரவில்லை என்றால் அரசமைப்பு நீதிமன்றத்திடம் அனுப்பலாம். மசோதா செல்லும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டால் கையெழுத்திட்டே ஆக வேண்டும். பதிப்புரிமைத் திருத்த மசோதாவை அதிபர் ராமபோசா 2020 ஜூனில் திருப்பி அனுப்பினார். பேரவை மீண்டும் நிறைவேற்றிய பிறகு 2024 அக்டோபரில் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். இந்த முறை பயன்படும் விதத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட இது நல்ல எடுத்துக்காட்டு.

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். என்காண்ட்லா விவகாரத்தைக் கொண்டே இதை விளக்க வேண்டும். அதிபர் சூமாவின் சொந்த ஊர் இல்லத்தில் பாதுகாப்புப் பணி என்ற பெயரில் பொதுப்பணம் செலவிடப்பட்டது. நீச்சல் குளம், கால்நடைத் தொழுவம், கோழிக்கூடு, திறந்தவெளி அரங்கு, விருந்தினர் கூடம் ஆகிய ஐந்தும் பாதுகாப்போடு தொடர்பற்றவை என்றும், அவற்றுக்கான செலவில் நியாயமான ஒரு பங்கை அதிபர் திருப்பிச் செலுத்த வேண்டும் என்றும் அரசின் முறைகேடுகளை விசாரிக்கும் பொதுமக்கள் பாதுகாவலராக இருந்த தூலி மடொன்செலா 2014 மார்ச்சில் அறிக்கை தந்தார். அரசமைப்பின் 55ஆம் பிரிவு, ஆட்சியாளர்களைப் பொறுப்புக்கூறச் செய்யும் கடமையைப் பேரவையின் மீது வைக்கிறது. பேரவை என்ன செய்தது? காவல்துறை அமைச்சர் தயாரித்த மற்றோர் அறிக்கையை ஏற்றுக்கொண்டு, அதிபர் எதுவும் கட்ட வேண்டியதில்லை என்று தீர்மானித்தது. அந்த அமைச்சரை நியமித்தவர் அதிபர் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

2016 மார்ச் 31 அன்று அரசமைப்பு நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி மொகோயெங் மொகோயெங் வாசித்த அத்தீர்ப்பில், அதிபர் அரசமைப்பைக் காக்கத் தவறினார் என்று சொன்னதோடு நீதிமன்றம் நிற்கவில்லை. பேரவையும் தன் கடமையில் தவறியது என்றும், அதன் தீர்மானம் அரசமைப்புக்கு முரணானது, செல்லாது என்றும் சொன்னது. அன்று நான் நீதிமன்றத்தில் வேறொரு வழக்குக்காகக் காத்திருந்தேன். வராந்தாவில் நின்ற நாங்கள் நான்கைந்து வழக்குரைஞர்கள் ஒரு கைப்பேசியைச் சுற்றி நின்று அந்த நேரலையைக் கேட்டோம். அதிபர் இறுதியில் 78 லட்சம் ராண்டைச் செலுத்தினார். ஆயினும், தீர்ப்பு வந்த ஐந்தாம் நாள், ஏப்ரல் 5 அன்று, அதே பேரவை பதவி நீக்கத் தீர்மானத்தை 143க்கு எதிராக 233 வாக்குகளால் தோற்கடித்தது.

ஏன் அப்படி நடந்தது? விடை 47ஆம் பிரிவில், பலரும் படிக்காத ஓர் உட்பிரிவில் இருக்கிறது. தன்னை வேட்பாளர் பட்டியலில் முன்னிறுத்திய கட்சியின் உறுப்பினராக இல்லாமல் போனால் ஒருவர் பேரவை இடத்தையும் இழப்பார். கட்சியைவிட்டு விலக்கப்பட்டால் அன்றே வேலையும் போய்விடும் என்ற நிலையில் இருப்பவர், கட்சித் தலைவரை எதிர்த்துக் கை தூக்க மிகுந்த துணிவு வேண்டும். உங்கள் மாணவி சரியான இடத்தைத்தான் தொட்டிருக்கிறாள்.

கணக்கர், லெனேசியா:

வழக்குரைஞர் ஐயா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் அவர் காட்டிய பதவி விலகல்களும் நீக்க முயற்சியும் ஒரே கட்சி தனிப் பெரும்பான்மை வைத்திருந்த காலத்தவை. 2024 தேர்தலில் அந்தக் கட்சிக்கு 159 இடங்கள்தாம் கிடைத்தன. 201 என்ற எண்ணைத் தனியாக எட்ட எவராலும் இயலாத முதல் பேரவை இது. அரசமைப்பில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆயினும் பேரவைக்கும் அதிபரின் அரசுக்கும் உள்ள உறவு தலைகீழாக மாறிவிட்டது.

வரவு செலவுத் திட்டத்தைப் பாருங்கள். 2025 பிப்ரவரி 19 அன்று நிதியமைச்சர் இனோக் கொடொங்வானா வாசிக்க வேண்டிய உரை, கடைசி நேரத்தில் தள்ளிவைக்கப்பட்டது. மதிப்புக்கூட்டு வரியை 15 விழுக்காட்டிலிருந்து 17 ஆக உயர்த்தும் திட்டத்தைக் கூட்டணி அரசில் இருந்தவர்களே ஏற்கவில்லை. மார்ச் 12 அன்று, இரண்டு ஆண்டுகளில் அரை அரை விழுக்காடாக உயர்த்துவது என்று குறைத்துக்கொண்டு வந்தார்கள். ஏப்ரல் 2 அன்று நிதிச் சட்டகம் (அரசின் மொத்த வரவு செலவு அளவுகளை வரையறுப்பது) 194க்கு 182 என்ற வாக்கில் மயிரிழையில் நிறைவேறியது. அமைச்சரவையில் இடம்பெற்ற ஜனநாயகக் கூட்டணிக் கட்சியே எதிர்த்து வாக்களித்தது. வழக்கும் தொடுக்கப்பட்டது. ஏப்ரல் 24 அன்று அரசு வரி உயர்வையே கைவிட்டது. மே 21 அன்று மூன்றாம் முறையாக வரவு செலவுத் திட்டம் வந்தபோது வரி பழைய 15 விழுக்காட்டிலேயே நின்றது.

என்னிடம் கணக்கு எழுதும் சிறு கடைக்காரர்கள் பலர். மே முதல் நாளிலிருந்து புதிய விகிதம் என்று நம்பி, விலைச்சீட்டுகளையும் பணப்பதிவுப் பொறிகளையும் மாற்றப் பணம் கட்டிவிட்டு, ஒரு வாரத்துக்கு முன் எல்லாவற்றையும் பழையபடி மாற்றச் சொன்னபோது அவர்கள் பட்ட பாட்டை நேரில் கண்டேன். கட்டுப்பாடும் சமநிலையும் என்பது இலவசமாகக் கிடைப்பதில்லை. அந்தச் செலவில் ஒரு பகுதி அவர்கள் தலையில் விழுந்தது. அப்படியிருந்தும், கேள்வி கேட்காமல் நிறைவேற்றும் பேரவையைவிட இதுவே மேல் என்று உறுதியாகச் சொல்வேன். வரி போடும் அதிகாரத்தைப் பற்றிய கேள்வியும் இதில் வெளிவந்தது: மதிப்புக்கூட்டு வரிச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, நிதியமைச்சர் அறிவித்தாலே புதிய விகிதம் நடைமுறைக்கு வரவும், நாடாளுமன்றம் பன்னிரண்டு மாதங்களுக்குள் சட்டமாக்கவும் இடம் தருகிறது. வரி விதிப்பது மக்கள் பிரதிநிதிகளின் வேலை என்றால், ஓர் அமைச்சரின் அறிவிப்பு எப்படி முன்னே போகலாம்? இந்த ஒரு கேள்வியை வைத்தே உங்கள் வகுப்பில் ஒரு நாள் முழுவதும் வாதிடலாம், அக்கா.

ஃபீனிக்ஸ் தாத்தா:

நான் எண்பதை நெருங்குபவன். இளையவர்கள் 1996இலிருந்து தொடங்குகிறீர்கள். நான் 1983இலிருந்து தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதிபரைக் கட்டுப்படுத்த முடியாத நாடாளுமன்றம் எப்படி இருக்கும் என்று நம் சமூகத்துக்குக் காட்டியது அந்த ஆண்டின் அரசமைப்புதான்.

அதில் அவைகள் மூன்று. வெள்ளையருக்கு 178 இடங்கள், கலப்பினத்தவருக்கு 85, இந்தியருக்கு 45. கறுப்பின மக்களுக்கு ஓர் இடமும் இல்லை. அரச அதிபரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் 88 பேர்: 50, 25, 13. மற்ற இரு அவைகளும் ஒன்றாகச் சேர்ந்தாலும் 38தான். எது ஒவ்வோர் இனத்தின் ‘சொந்த விவகாரம்’, எது ‘பொது விவகாரம்’ என்று முடிவு செய்பவரும் அதிபரே. அவைகளுக்குள் கருத்து வேறுபட்டால் அதிபர் அந்த மசோதாவை ‘அதிபர் மன்றம்’ என்ற 60 பேர் கொண்ட அமைப்புக்கு அனுப்பலாம். அதன் முடிவே இறுதி. அந்த 60 பேரில் 25 பேரை நியமிப்பவர் அதிபர். 20 பேர் வெள்ளையர் அவையிலிருந்து வருபவர்கள். நம்மவருக்கு 5 இடம்.

1984 ஆகஸ்டில் இந்தியர் அவைக்குத் தேர்தல் வந்தபோது, வாக்களிக்க வேண்டாம் என்று வீடு வீடாகச் சென்று சொன்னவர்களில் நானும் ஒருவன். எங்கள் தெருவில் ஒரு பெரியவர், “கிடைப்பதை வாங்கிக்கொண்டு உள்ளே போய்ச் சண்டை போடலாமே, தம்பி” என்றார். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். பதிவு செய்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே வாக்களித்தார்கள். உள்ளே போனவர்கள் சண்டை போட்டார்கள் என்பதையும் நான் மறைக்க மாட்டேன். 1986இல் காவல்துறைக்குக் கூடுதல் அதிகாரம் தரும் இரண்டு பாதுகாப்பு மசோதாக்களை இந்தியர் அவையும் கலப்பினத்தவர் அவையும் ஏற்க மறுத்தன. பி. டபிள்யூ. போத்தா அவற்றை அதிபர் மன்றத்துக்கு அனுப்பினார். ஜூன் மாதத்தில் அவை அங்கே நிறைவேறின. அதற்குச் சில நாள் முன்பே, ஜூன் 12 அன்று, நாடு முழுவதும் அவசர நிலையையும் அறிவித்திருந்தார்.

இப்போதைய அரசமைப்பின் 37ஆம் பிரிவைப் படியுங்கள். அவசர நிலை 21 நாள்களுக்கு மேல் நீடிக்கப் பேரவையின் ஒப்புதல் வேண்டும். ஒரு முறைக்கு மூன்று மாதத்துக்கு மேல் நீட்டிக்க முடியாது. முதல் நீட்டிப்புக்குப் பெரும்பான்மை போதும், இரண்டாவது முறையிலிருந்து 60 விழுக்காடு வேண்டும். அந்த எண்களைப் பார்க்கும்போது எனக்கு 1986ஆம் ஆண்டின் அந்த ஜூன் மாதம்தான் கண்முன் வருகிறது. நாள் கணக்கோடு எழுதியவர்கள் பட்டு அறிந்து எழுதியிருக்கிறார்கள்.

மல்லிகைப்பந்தல், சாட்ஸ்வர்த்:

தாத்தா, உங்கள் பதிவை வகுப்பில் உரக்கப் படிக்க அனுமதி வேண்டும். என் பெற்றோர் 1984ஐப் பற்றி வீட்டில் பேசியதே இல்லை.

வழக்குரைஞர் ஐயாவிடம் ஒரு துணைக்கேள்வி. 47ஆம் பிரிவு உறுப்பினர்களை அச்சத்தில் வைக்கிறது என்றால், இரகசிய வாக்கெடுப்பு அதற்கு மருந்தாகாதா?

பழைய வழக்குரைஞர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

இதே கேள்வி 2017இல் நீதிமன்றத்துக்குப் போனது. அதிபரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பு இரகசியமாக நடக்க வேண்டும் என்று அரசமைப்பு சொல்கிறது. நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. எனவே இரண்டில் எதையும் கட்டாயமாக்க முடியாது, சூழ்நிலையை எடைபோட்டு முடிவு செய்யும் அதிகாரம் சபாநாயகருக்கு உண்டு என்று ஜூன் 22 அன்று தீர்ப்பு வந்தது. சபாநாயகர் பலேகா உம்பெட்டே இரகசிய வாக்கெடுப்புக்கு ஒப்புக்கொண்டார். ஆகஸ்ட் 8 அன்று ஆதரவாக 177, எதிராக 198, நடுநிலை 9. எதிர்க்கட்சிகளுக்கு இருந்தவை மொத்தம் 151 இடங்கள். குறைந்தது 26 ஆளுங்கட்சி உறுப்பினர்கள் தங்கள் தலைவருக்கு எதிராக வாக்களித்தார்கள் என்று இதிலிருந்து தெரிகிறது.

2022 டிசம்பர் 13 அன்று நடந்ததை இதனோடு ஒப்பிடுங்கள். அதிபரின் பண்ணையிலிருந்து வெளிநாட்டுப் பணம் திருடுபோன பாலா பாலா விவகாரத்தில், முன்னாள் தலைமை நீதிபதி சண்டிலே உங்கோபோ தலைமையிலான மூவர் குழு, அதிபர் ராமபோசா விடையளிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது என்று அறிக்கை தந்தது. அந்தக் குழு அமைக்கும் விதிகளே, 2017 டிசம்பர் 29 அன்று அரசமைப்பு நீதிமன்றம் பேரவையைக் கண்டித்து, 89ஆம் பிரிவுக்கு விதிகளை உருவாக்குமாறு ஆணையிட்டதால் வந்தவை. அந்தத் தீர்ப்பில் அப்போதைய தலைமை நீதிபதி மொகோயெங்கே மாறுபட்டு, நீதிமன்றம் தன் எல்லையைத் தாண்டுகிறது என்று எழுதினார்; இதையும் பிள்ளைகள் அறிய வேண்டும். குழுவின் அறிக்கை வாக்கெடுப்புக்கு வந்தபோது பெயர் சொல்லி அழைத்து வெளிப்படையாக வாக்கு கேட்டார்கள். ஏற்க 148, மறுக்க 214, நடுநிலை 2. ஆளுங்கட்சியிலிருந்து மாறி வாக்களித்தவர்கள் ஒரு சிலரே. விசாரணை அப்போது அத்தோடு நின்றது. அறிக்கை சரியா தவறா என்பது வேறு; அதை ஆராயும் குழுவைக்கூட அமைக்க விடாதது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஆகவே இத்தகைய வாக்கெடுப்புகள் இரகசியமாக நடப்பதையே நான் விரும்புகிறேன்.

கணக்கர், லெனேசியா:

இங்கே நான் ஐயாவோடு மாறுபடுகிறேன். என் வாக்கு இரகசியமாக இருக்கலாம், ஏனெனில் அது எனக்கே உரியது. பேரவை உறுப்பினரின் வாக்கு என் சார்பில் போடப்படுவது. அவர் என்ன செய்தார் என்று நான் அறியக் கூடாது என்றால் அடுத்த தேர்தலில் எதை வைத்து அவரை அளப்பேன்? மேலும், மறைவில் போடப்படும் வாக்கை விலைக்கு வாங்குவதும் எளிது. அச்சம் 47ஆம் பிரிவிலிருந்து வருகிறது என்றால் அந்தப் பிரிவைத்தான் திருத்த வேண்டும்.

மல்லிகைப்பந்தல், சாட்ஸ்வர்த்:

இருவருக்கும் நன்றி. அடுத்த ஞாயிறு வகுப்பை இரண்டாகப் பிரித்து இதையே வாதிடச் சொல்கிறேன். 47ஆம் பிரிவின் அந்த உட்பிரிவைப் பிள்ளைகளுக்காக இப்படித் தமிழாக்கினேன். சரிபார்த்துத் தர முடியுமா?

“தம்மைப் பேரவை உறுப்பினராக நியமித்த கட்சியின் உறுப்பினராக இல்லாது போகும் ஒருவர், பேரவை உறுப்பினர் பதவியை இழப்பார்.”

பழைய வழக்குரைஞர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

‘நியமித்த’ என்ற சொல்லை மட்டும் மாற்றுங்கள், அம்மா. கட்சி பெயரை முன்மொழிகிறது. வாக்களித்து அனுப்புபவர்கள் மக்கள். ‘உறுப்பினராக நியமித்த’ என்பதை ‘உறுப்பினராக முன்மொழிந்த’ என்று எழுதுங்கள். மற்றவை சரியாக இருக்கின்றன.